கட்டுபவர் ஒருவர், தூக்குபவர் ஒருவர்: செஞ்சி மலைப் பயண மூட்டை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழில் ஆய்வுக்கு அகப்படாத பொருள் இனி இல்லை என்கிறார்கள். கல்வெட்டு, காசு, நடுகல், ஓலைச்சுவடி, பானை ஓட்டுக் கீறல் எல்லாவற்றின் பேரிலும் முனைவர் பட்டம் வழங்கியாயிற்று. ஆனால் ஒரு குடும்பம் ஒருநாள் மலையேறிவிட்டு வருவதற்காக முதல்நாள் இரவு கூடத்தில் உட்கார்ந்து கட்டுகிற மூட்டையைப் பற்றி ஒரு குறுங்கட்டுரையும் என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்குவதே இதன் நோக்கம். பட்டம் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. தந்தால் மறுக்கப்படவும் மாட்டாது.

காலமும் கூடிவந்திருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் காலத்து அரண்கள் என்று சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம்முடையது. பட்டியலில் கோட்டை ஏறிவிட்டது. இனி கோட்டையில் நாம் ஏறவேண்டியதுதான் பாக்கி. லடாக்குக்கு என்ன எடுத்துப் போகலாம், நேபாளத்துக்கு என்ன எடுத்துப் போகலாம் என்று சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். செஞ்சிக்குச் சொல்லத்தான் ஆளில்லை. அதனால் லடாக்குக்குச் சொன்னதையே மக்கள் செஞ்சிக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

2. எல்லையும் கருதுகோளும்

நில எல்லை: விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டிலோ திண்டிவனம் மேம்பாலத்தடியிலோ பஸ் ஏறினால் 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிற செஞ்சி. அங்கே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். விழுப்புரத்திலிருந்து போகிறவர்களுக்கு வழியில் மண்டகப்பட்டு. திண்டிவனத்துக்காரர்களுக்குச் சமண மடம் இருக்கிற மேல்சித்தாமூர். செஞ்சியை ஒட்டிச் சிங்கவரமும் திருநாதர்குன்றும். நேரமிருந்தால் பனமலை, மயிலம். மலையேற்றமும் ஆயிற்று, பண்பாட்டுப் பயணமும் ஆயிற்று.

கால எல்லை: விடியற்காலையில் புறப்பட்டு அன்று இரவே வீடு திரும்புதல். இந்தக் கால எல்லையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டை கட்டுகிறவர்கள் வைத்துக்கொள்வதில்லை.

மலை எவ்வளவு உயரமோ, நாள் எத்தனையோ, குளிர் எவ்வளவோ, அதற்குத் தக்கபடி மூட்டை அமையும் என்பது உலக வழக்கு. இவ்வாய்வு அதை மறுக்கிறது. மறுத்து ஒரு நூற்பாவும் செய்திருக்கிறது:

கட்டுநர் ஒருவர் சுமக்குநர் ஒருவர்
ஆயிடை மூட்டை அளவிறந் தன்றே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், மூட்டை பெருக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொருள்: கட்டுகிறவர் ஓர் ஆள், தூக்குகிறவர் இன்னோர் ஆள் என்றால் மூட்டைக்கு அளவு கிடையாது. இருவரும் ஒருவரே என்றால் மூட்டை தானாக இளைக்கும். மலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

3. முன்னோர் சான்றுகள்

முதற்சான்று செஞ்சியிலேயே கிடைக்கிறது. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலைத் தாண்டிப் போனால் களஞ்சியங்கள் நிற்கின்றன. உள்ளே நின்று பேசினால் பேசியது திரும்பி வரும், அவ்வளவு பெரியவை. சிவாஜி 1677-இல் கைப்பற்றி வலுப்படுத்திய இந்தக் கோட்டையில்தான் அவருடைய மகன் ராஜாராம் அடைக்கலம் புகுந்தார். அவுரங்கசீப்பின் படை 1690-இல் வந்து சூழ்ந்தது; 1698-இல்தான் கோட்டை விழுந்தது. அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்த கோட்டைக்கு உள்ளே கொண்டுவந்து நிரப்பிய மூட்டைகள் எத்தனை இருக்கும்! நிரப்பச் சொன்னவர் எவரும் ஒரு மூட்டையையும் தோளில் வைத்திருக்க மாட்டார். நூற்பா முதல் பகுதியில் தேறிவிட்டது.

இரண்டாம் பகுதிக்கும் இதே கதை உதவும். கடைசியில் ராஜாராம் முற்றுகையிலிருந்து நழுவி வேலூர்ப் பக்கம் தப்பினார். களஞ்சியம் கூட வரவில்லை. குடும்பமும் கூட வரவில்லை. மனைவியரும் பிள்ளைகளும் முகலாயத் தளபதி சுல்பிகர் கானிடம் அகப்பட்டார்கள். தன் காலில் தானே ஓடவேண்டி வந்தால் மூட்டை எவ்வளவுக்குச் சுருங்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

அயல்நாட்டுச் சான்றுகள் இரண்டு. 1953-இல் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவுக்குச் சுமை தூக்கியவர்கள் 362 பேர். டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றது ஏறக்குறைய கால் மணி நேரம். இரண்டு வருடம் கழித்து, 1955-இல், எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பாட்டி அப்பலாச்சியன் மலைப்பாதையில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்தார். பதினொரு பிள்ளை பெற்றவர். கூடாரம் கிடையாது. தூங்கும் பை கிடையாது. தானே தைத்த துணிப்பை ஒன்று தோளில், கேன்வாஸ் ஷூ காலில், மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. கட்டியவரும் அவரே, தூக்கியவரும் அவரே. நம் ஊர் மஞ்சப்பைக்கு அவர் பெயரை வைத்தாலும் தகும்.

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்பலாம். மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இக்கோயிலை எடுப்பித்தேன் என்பது அதன் கருத்து. கலை வரலாற்றாளர்கள் இதைத் தமிழ்நாட்டுப் பாறைக்கோயில்களின் தொடக்கம் என்பார்கள். இவ்வாய்வின் நோக்கில் இதன் பெருமை வேறு: எடுத்து வராதவற்றின் பட்டியலைக் கல்லில் வெட்டிவைத்த மன்னன் அவன். கட்டளை இட்டவன் அரசன், கல் உடைத்தவன் தச்சன் என்றால் நூற்பாப்படி பொருள் பெருகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அவன் தனக்கு வைத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று விசித்திரசித்தன். அத்தகையோரை விதிவிலக்கில் சேர்ப்பது மரபு.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று திருநாதர்குன்று. தீர்த்தங்கரர் 24 பேரையும் வரிசையாகச் செதுக்கிய பாறை அது. அங்கே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரை ஒரு கல்வெட்டு சொல்கிறது. 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரரை இன்னொன்று. திகம்பரத் துறவியின் உடைமை மயிற்பீலியும் கமண்டலமும். உடுப்பு என்ற பத்தியே அவர்கள் பட்டியலில் கிடையாது. கடைசியில் சோறு என்ற பத்தியையும் நீக்கிவிட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் ஆய்வாளர் தம் கேலியை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறவேண்டும். இவர்களைவிட இலேசான மூட்டையோடு எந்தக் குன்றிலும் ஒருவரும் ஏறமுடியாது.

4. களத் தரவு

நோக்கப்பட்ட இடம் திண்டிவனத்தில் ஒரு வீட்டுக் கூடம். நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். நடுவில் வாய் திறந்த ட்ராவல் பேக். அதன் அடியில் சக்கரம் உண்டு. செஞ்சிக் கோட்டையின் படிகளில் சக்கரம் எப்படி உருளும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து அடுக்குகிறார். அப்பா நாற்காலியிலிருந்து மேற்பார்வை. கல்லூரியில் படிக்கிற பையன்தான் நாளைக்குத் தூக்கப்போகிறவன். ஆகவே அவனுக்கு வாக்குரிமை இல்லை.

"ஸ்வெட்டர் எதுக்கும்மா? செஞ்சிக்குதான போறோம்."

"மலைடா. மேல குளுரும். இருந்துட்டுப் போவட்டும்."

"இந்த வெயில்லயா? யார் தூக்கிக்கினு ஏறறது?"

"ஒரு ஸ்வெட்டர்ல இன்னாடா வெயிட்டு இருக்குது?"

அப்பா பேப்பரை மடிக்காமலே சொல்கிறார்: "ரெண்டா வச்சிடு. ஒண்ணு நனைஞ்சிட்டா?"

விழுப்புரத்திலிருந்து அத்தை, போன் ஸ்பீக்கரில்: "அண்ணி, ஓமவாட்டர் எடுத்துக்கினீங்களா? பெட்ஷீட்டு ஒண்ணு வச்சிக்கோங்க. பசங்க எங்கனா படுத்தா விரிக்கலாம்."

இவ்வாறு பைக்குள் போனவை: ஸ்வெட்டர் இரண்டு, பெட்ஷீட், மங்கி குல்லா, மாற்றுத்துணி ஆளுக்கு இரண்டு செட், கைலி, சோப்பு டப்பா, டார்ச், கோடாலித் தைலம், ஓமவாட்டர், சார்ஜர், அந்தச் சார்ஜருக்கு ப்ளக் பாயின்ட் எட்டாவிட்டால் என்று ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ராஜகிரி உச்சியில் மின் இணைப்பு இருக்கிறதா என்ற கேள்வி எழவில்லை. புளிசாதம் இருக்கிற எவர்சில்வர் டப்பாவுக்கு மேலே இடமில்லாததால் தண்ணீர் பாட்டில் இரண்டில் ஒன்று வெளியே எடுத்து வைக்கப்பட்டது.

இன்னொன்றும் குறிக்கத்தக்கது. எல்லாம் அடுக்கி முடித்தபின் அம்மா தனக்கென்று ஒரு புடவையையும் சீப்பையும் ஒரு துணிக்கடை கவரில் சுருட்டித் தன் கையோடு வைத்துக்கொண்டார். வளையலில் நாலு ஊக்கு மாட்டிக்கொண்டார். அவர் மூட்டை அவ்வளவுதான். இதன் முக்கியத்துவம் ஆறாம் பகுதியில் விளங்கும்.

5. பொருள்வாரி ஆய்வு

ஸ்வெட்டர். மேலே ஏற ஏறக் குளிரும் என்பது பொய்யல்ல. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் குறைவது ஒன்றரை டிகிரி. கீழே 38 என்றால் உச்சியில் 36.5. அதுவும் காலையிலிருந்து வெயில் குடித்த கருங்கல் வெளிவிடுகிற சூட்டைக் கணக்கில் சேர்க்காமல். இரண்டு ஸ்வெட்டர் எடுத்துப்போனவர்கள் இந்த ஒன்றரை டிகிரியை ஆளுக்கு முக்கால் டிகிரியாகப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பருத்தி. இமயமலைக்குப் போகிறவர்களிடம் பருத்தி வேண்டாம் என்பார்கள். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காயாமல் உடம்பைக் குளிரப் பண்ணிவிடும் என்பது காரணம். விழுப்புரம் மாவட்டத்தில் நமக்கு வேண்டியதே அதுதான். வெளுத்த நிறத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்று போதும். ஜீன்ஸ் போட்டவர்களைக் கோட்டையின் உயரமான படிகள் முழங்காலில் பிடித்து நிறுத்தும்.

காலணி. காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறுகிறவர்களின் பழைய கணக்கு. ஆகவே பனிமலைக்குச் செய்த கனத்த பூட்ஸ் இங்கே தண்டனை. இன்னொரு சிக்கல், இது பண்பாட்டுப் பயணம். சிங்கவரத்தில் பள்ளிகொண்ட பெருமாள், மயிலத்தில் முருகன், மேல்சித்தாமூரில் பார்சுவநாதர், ஒவ்வொரு வாசலிலும் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு வாசலிலும் கட்டவேண்டும். மூன்றாம் கோயிலில் பக்தி குறைவதற்கு ஷூ கயிறு காரணமாக இருக்கக்கூடும். ஹவாய் செருப்போ படியில் வழுக்கும், வாரும் பிடுங்கிக்கொள்ளும். நல்ல பிடிப்புள்ள ரப்பர் அடியும் பின்பட்டையும் உள்ள சாண்டல் எல்லாவற்றுக்கும் பொது. பிடுங்கின வாருக்கு மருந்து அம்மா வளையலில் இருக்கிற ஊக்கு. அதன் எடை ஆய்வாளரின் தராசில் விழவில்லை.

குடை. பனமலையில் இராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவர் கால ஓவியம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மகுடம் தரித்த தேவி ஒருகால் மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். தலைக்கு மேல் குடை. இந்தப் பகுதியில் குடை எடுத்துப் போகும் வழக்கம் எட்டாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது என்று இதனால் துணியலாம். ஆனால் தேவி ராஜகிரி ஏறவில்லை. ராஜகிரியில் உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. சிறு பாலத்தில் கடந்துதான் போகவேண்டும். அங்கே வீசுகிற காற்றில் குடை பிடித்தவர், குடையைப் பிடிப்பதா தம்மைப் பிடிப்பதா என்று யோசிக்க வேண்டிவரும். மழைக்கென்று எடுத்துப் போவோருக்கு ஒரு தகவல்: ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் பெய்தது சுமார் 50 சென்டிமீட்டர். அந்த மழைக்குக் குடையும் இல்லை, ரெயின்கோட்டும் இல்லை. வீடுதான் உண்டு.

துண்டு. வெயிலுக்குத் தலைப்பாகை, வியர்வைக்குக் கைக்குட்டை, பாறையில் உட்கார விரிப்பு, கைகழுவினால் துவாலை, தூக்கம் வந்தால் தலையணை, கால் பிசகினால் கட்டு. நனைத்துக் கழுத்தில் போட்டால் விசிறி. உலகச் சந்தையில் இத்தனைக்கும் தனித்தனிச் சாமான் விற்கிறார்கள். துண்டு இருந்தும் ஏழு சாமான் வாங்குகிறவரை என்ன சொல்வது?

தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். மேலே கடை கிடையாது. ஏற ஏற எடை குறைகிற சாமான் மூட்டையில் இது ஒன்றே. இதைத்தான் ஸ்வெட்டருக்கு இடம் வேண்டுமென்று முதலில் வெளியே எடுக்கிறோம்.

தீனி. செஞ்சிக் குரங்குகளுக்குப் பாலித்தீன் கவரின் சத்தம் தெரியும், பிஸ்கட் பாக்கெட்டின் வண்ணம் தெரியும், பக்க ஜிப்பைத் திறக்கவும் தெரியும். பயணிகளின் மூட்டையைக் குறைப்பதில் அவற்றின் தொண்டு தனி ஆய்வுக்கு உரியது. கையில் எதையும் காட்டாமல், சாப்பாட்டைப் பைக்குள் ஆழத்தில் வைத்து, பையை முதுகிலிருந்து இறக்காமல் போகிறவர்களே உச்சியில் புளிசாதம் கண்டவர்கள்.

6. மறுப்பும் விடையும்

நூற்பாவுக்கு ஒரு மறுப்பு எழும். மூட்டை என்பது அன்பின் அளவு. அதைக் கிலோவில் நிறுப்பது தகுமோ என்று. தகும். அன்பை நிறுக்க முடியாது, அன்பினால் வைத்த பெட்ஷீட்டை நிறுக்க முடியும். ஒருநாள் நடைக்கு முதுகுச்சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவிதி. 60 கிலோ பையனுக்கு 6 கிலோ. அன்பு மிகுந்த வீடுகளில் இந்த அளவு பெட்ஷீட்டோடு முடிந்துவிடும், தண்ணீருக்கு மிச்சமிராது.

இரண்டாம் மறுப்பு கூர்மையானது. கட்டுகிறவருக்குத் தூக்குகிற கஷ்டம் தெரியாததால்தான் மூட்டை பெருக்கிறது என்றால், அம்மாவின் சொந்த மூட்டை ஏன் ஒரு துணிக்கடை கவரில் அடங்கிற்று? விடை: அதை அவரே தூக்கப்போகிறார். தன்னுடையதற்குத் தானே கூலி என்று தெரிந்தால் தேவைகள் சீப்பும் புடவையுமாகச் சுருங்கிவிடுகின்றன. மறுப்பாக வந்தது சான்றாக மாறிற்று.

களத்தில் இதன் தொடர்ச்சியும் கிடைத்தது. ராஜகிரியில் பாதி ஏறுமுன் பையனுக்கு மூச்சு வாங்கியது. அப்பா பையைப் பார்த்தார். பிறகு மலையின் அழகைப் பார்க்கத் தொடங்கினார். பை அம்மாவின் தோளுக்கு மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்தபின் படியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார்: "எவ அந்த பெட்ஷீட்ட வைக்கச் சொன்னது?" அடுத்த பயணத்தின்போது ஸ்வெட்டர் இரண்டும் பீரோவிலேயே இருந்தன. கட்டியவரும் தூக்கியவரும் ஒருவரே ஆனதும் மூட்டை இளைத்தது. இதைவிடத் தெளிவான சோதனை முடிவை எந்த ஆய்வுக்கூடமும் தராது.

7. திரும்பும் மூட்டை

போகும்போது கட்டியதைவிட வரும்போது கட்டுவது பெரிதாக இருப்பது உலகியல்பு. இதற்குச் செஞ்சியில் பேர்பெற்ற முன்னுதாரணம் உண்டு. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் இரவில் கோட்டையைப் பிடித்தார்கள். 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் நினைவுப்பொருளாக எடுத்துப்போனவை கருங்கல் தூண்கள். இன்றைக்குப் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறவை அவைதாம். எடுத்துவரச் சொன்னவர்கள் தூக்கியிருந்தால் அவை செஞ்சியிலேயே இருந்திருக்கும். நூற்பா இங்கும் பிழைபடவில்லை.

8. முடிவும் பரிந்துரையும்

செஞ்சிக்கு வேண்டியவை: பின்பட்டை உள்ள செருப்பு, வெளுத்த பருத்தி உடுப்பு, ஒரு துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், மூடின டப்பாவில் சாப்பாடு, ஊக்கு நாலு, வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை. ஒரு தோள்பையில் அடங்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கை படியோரப் பாறையைப் பிடிக்க, இன்னொன்று கூட வருகிறவரைப் பிடிக்க. மற்றவை வீட்டில் இருந்தால் வீட்டுக்குப் பாரமில்லை.

சட்டம் ஒன்று இயற்றும் அதிகாரம் ஆய்வாளருக்கு இருந்தால் அது ஒரே வரியில் முடியும்: நாற்காலியில் இருந்தபடி ஒரு சாமானை வைக்கச் சொன்னவர் அந்தச் சாமானை மலை உச்சிவரை தூக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாததால் வேண்டுகோளோடு முடிக்கிறேன். வாசகர்களே, உங்கள் பையை நீங்களே கட்டுங்கள். கட்டியதை நீங்களே தூக்குங்கள். குறிப்பாக, அப்பாக்களே.